புதிய இனம் என்று எழுதுவதற்கு முன்

மண்ணைக் கிளறிப் பழகியவர்கள் பூரானையும் மரவட்டையையும் நன்கு அறிவார்கள். பலகாலிகள் என்ற அந்தக் கூட்டத்தில் சிம்ஃபைலா, பாரோபோடா என்று இன்னும் இரண்டு வகுப்புகள் உண்டு என்பது விலங்கியல் படித்தவர்களிலேயே பலருக்கு நினைவில் இருப்பதில்லை. மண் விலங்கியல் ஆய்வகம் ஒன்றில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி இந்தப் பாரோபோடாக்களோடுதான் கழிந்திருக்கிறது. முழு வளர்ச்சி அடைந்த ஒன்றின் நீளம் பெரும்பாலும் 0.5 முதல் 1.5 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். கண்கள் கிடையாது. வெளுத்த, மென்மையான உடல், பெரும்பாலான இனங்களில் ஒன்பது இணைக் கால்கள், பலகாலிகளில் வேறெதற்கும் இல்லாத கிளைவிட்ட உணர்கொம்புகள் ஆகியவை இதன் அடையாளங்கள். ஜான் லப்பக் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இருந்த தன் தோட்டத்து மண்ணில் 1866-இல் இவ்வுயிரை முதன்முதலாகக் கண்டார். அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் உலகெங்கும் பெயரிடப்பட்ட இனங்களின் எண்ணிக்கை ஆயிரத்தைச் சுற்றியே நிற்கிறது.

இதைக் கேட்பவர்கள், அப்படியானால் தோண்டும் இடமெல்லாம் புதிய இனம் கிடைக்குமே என்பார்கள். ஓரளவுக்கு அது உண்மைதான். ஆனால் இந்தத் தொழிலில் ஓர் உயிரைக் கண்டெடுப்பதற்கு ஆகும் நேரத்தைவிட, அது ஏற்கெனவே எவராலும் விவரிக்கப்படாதது என்று தன்னைத்தானே நம்பவைத்துக்கொள்வதற்கு ஆகும் நேரம் மிக அதிகம். பழனி மலையின் தாழ்ந்த சரிவில் உள்ள ஒரு காப்பித் தோட்டத்து மண்ணிலிருந்து எங்களுக்குக் கிடைத்த ஒரு சிற்றினத்தை விவரித்து முடித்த அனுபவத்தைக் கொண்டே இதைச் சொல்கிறேன். கட்டுரை அச்சேறும் வரை பெயரை வெளியிடும் வழக்கம் எங்கள் துறையில் இல்லை என்பதால் இங்கும் அதைக் குறிப்பிடவில்லை.

பாரோபோடாவுக்கு மண்ணைத் தோண்டும் வலு இல்லை. மண்துகள்களுக்கு இடையே ஏற்கெனவே இருக்கும் இடுக்குகளிலும், மக்கிய வேர்கள் விட்டுச்சென்ற துளைகளிலும்தான் அது நடமாடுகிறது. ஆகவே மண்ணை அள்ளிப் பையில் கொட்டினால் அந்த இடுக்குகள் நொறுங்கிவிடும். உருளைக் குழாயை இறக்கி மண்ணைக் கட்டு குலையாமல் எடுத்து, ஆய்வகத்தில் தலைகீழாகப் புனலின் மேல் வைக்க வேண்டும். மேலே விளக்கு எரியும்போது வெப்பமும் வறட்சியும் மெல்லக் கீழிறங்க, அவற்றிலிருந்து தப்பியோடும் உயிர்கள் புனலின் அடியிலுள்ள ஆல்கஹால் குப்பியில் விழும். இத்தாலியரான அன்டோனியோ பெர்லீஸ் 1905-இல் அமைத்த புனலில் சுவீடனின் டல்கிரென் பின்னர் விளக்கைச் சேர்த்தார்; இன்றுவரை கருவி அடிப்படையில் அதேதான். எங்களுக்கு வந்த சிக்கல் விளக்கில்தான். எல்.இ.டி. விளக்குகள் வெளிச்சம் தருகின்றன, போதிய சூடு தருவதில்லை. பழைய குண்டு பல்புகளைத் தேடி ஊர் ஊராகச் சிறு மின்சாதனக் கடைகளில் விசாரித்து வாங்கிச் சேமித்துவைப்பது எங்கள் ஆய்வகத்தின் எழுதப்படாத கடமைகளில் ஒன்றாகிவிட்டது. சூடு மிகுந்தாலும் ஆபத்து. பாரோபோடா பாதி வழியிலேயே உலர்ந்து இறந்துவிடும்.

நாங்கள் குழாயை இறக்கிக்கொண்டிருந்தபோது தோட்டத்து மேஸ்திரி அருகில் வந்து நின்று, "இது காப்பிச் செடி வேரைக் கடிக்குமா சார்?" என்று கேட்டார். "இல்லண்ணே, இது பூஞ்சை இழையைத் தின்னு பிழைக்கிற பூச்சி" என்றேன். அவருக்கு அதோடு அக்கறை தீர்ந்துவிட்டது. அவர் கேட்டது சரியான கேள்வியே. நெருங்கிய வகுப்பான சிம்ஃபைலாவில் ஸ்கூட்டிஜெரெல்லா இம்மாக்குலேட்டா போன்ற இனங்கள் நாற்றுகளின் இளவேர்களைக் கடித்துச் சேதம் செய்பவை; அதனாலேயே சிம்ஃபைலாவைப் பற்றி வேளாண் துறையினர் எழுதியிருக்கிறார்கள், பாரோபோடாவைப் பற்றி எவரும் எழுதவில்லை. தீமை செய்யாத உயிருக்கு ஆய்வு நிதி கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது எங்கள் துறையில் அன்றாடம் பேசப்படும் விஷயம்.

குப்பியில் விழுந்தவற்றுள் பெரும்பாலானவை உண்ணிகளும் வால்துள்ளிகளும். அவற்றுக்கு நடுவே பாரோபோடாவைப் பிரித்தெடுத்து, உட்புறம் தெளியும் வரை லாக்டிக் அமிலத்தில் ஊறவிட்டு, ஹோயர் கலவையில் ஸ்லைடாக்குவோம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கட்டமும் மிகுந்த கவலை தரும் கட்டமும் இதுவே. ஸ்லைடு செய்யும்போது அறையின் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். மே மாதத்துப் புழுக்கமாக இருந்தாலும் வேறு வழியில்லை. நுனி வளைத்த மெல்லிய ஊசியால் உயிரைத் தூக்கிக் கலவைத் துளியின் அடிவரை இறக்கி, வயிற்றுப்புறம் மேலே இருக்குமாறு புரட்டி, வட்டக் கவர் ஸ்லிப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்ல விட வேண்டும். உடல் புரண்டுவிட்டால், கவர் ஸ்லிப்பை ஊசிமுனையால் மயிரிழை அளவு நகர்த்துவதன் மூலம் அதைத் திரும்ப உருட்டிவிட முடியும். அந்த அளவு கைக்குப் பழகப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், புதிதாகச் சேரும் மாணவர்களை முதலில் வால்துள்ளிகளில்தான் பழகவிடுகிறேன்.

ஹோயர் கலவையில் சேரும் குளோரல் ஹைட்ரேட்டை வாங்குவது தனிக்கதை. கள்ளில் கலப்படம் செய்யப் பயன்படுவதால் கெட்ட பெயர் எடுத்த பொருள் அது. அலுவலகக் கொள்முதல் பிரிவில் ஒவ்வொரு முறையும், பூச்சிக்கு எதற்கு மயக்க மருந்து என்ற கேள்விக்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டியிருந்தது.

ஸ்லைடு உலர்ந்த பிறகு எண்ணெய் அமிழ்வு வில்லையின் கீழ் வரைதல் தொடங்குகிறது. முதலில் கால்களை எண்ண வேண்டும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு மூன்று இணைக் கால்களே இருக்கும். பிறகு ஐந்து, ஆறு, எட்டு என்று தோலுரிப்புகளினூடே வளர்ந்து ஒன்பதை அடைகிறது. ஒன்பதுக்குக் குறைந்த எதையும் முதன்மை மாதிரியாகக் கொள்வதில்லை. உணர்கொம்பில் மூன்று சாட்டை இழைகளையும், அவற்றில் இரண்டுக்கு நடுவே காம்போடு நிற்கும் சிறு உருண்டையையும், முதுகுத் தகடுகளின் ஓரமாக நீளும் ஐந்து இணை உணர்மயிர்களையும் வரைந்து அளந்த பிறகு, கடைசியில் வால்முனைக்கு வர வேண்டும். இனங்களைப் பிரித்தறிய நாங்கள் பெரிதும் நம்புவது அங்குள்ள குதத்தட்டை. அது ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஓரிரு பங்கு அகலமே கொண்ட சிறு தகடு. அதன் பின்விளிம்பு பிளவுபட்டிருக்கிறதா, அதிலிருந்து கிளைகள் நீள்கின்றனவா, அக்கிளைகள் நேராக இருக்கின்றனவா, ஒன்றை நோக்கி ஒன்று வளைகின்றனவா, அவற்றின் மேல் நுண்மயிர்ப் படலம் இருக்கிறதா என்பவற்றைப் பார்த்தே ஓர் இனம் இன்னொன்றிலிருந்து வேறுபடுகிறது என்று சொல்கிறோம்.

புகைப்படக் கருவிகள் இவ்வளவு வளர்ந்த பிறகும் கையால் வரைவதை நான் விடாததற்குக் காரணம் உண்டு. இந்த உருப்பெருக்கத்தில் ஒரே பார்வையில் தெளிவாகத் தெரிவது மிக மெல்லிய ஓர் அடுக்கு மட்டுமே. குவியத்தை ஏற்றி இறக்கித்தான் ஒரு மயிர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அறிய முடியும். நுண்ணோக்கியில் பொருத்திய வரைகுழாய் வழியாகப் பென்சிலை ஓட்டும்போது, ஒவ்வொரு கோட்டுக்கும் இது எதன் விளிம்பு என்று முடிவெடுத்தாக வேண்டும். புகைப்படம் எடுப்பவர் அந்த முடிவைத் தள்ளிப்போட்டுவிடலாம். எங்கள் மாதிரியின் குதத்தட்டில் இரண்டு பின்கிளைகளுக்கு அடியில் ஒரு குட்டையான முகிழ்ப்பு இருப்பதை வரையும்போதுதான் நான் கண்டேன். அதற்கு முன் எடுத்திருந்த படங்களில் அது கிளையின் நிழல் போலத்தான் தெரிந்தது.

அந்த முகிழ்ப்புதான் நீண்ட ஒப்பீட்டுக்குள் எங்களை இழுத்துச் சென்றது. 1962-இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வுக்குழு இலங்கையில் சேகரித்த பாரோபோடாக்களை உல்ஃப் ஷெல்லர் 1970-இல் விரிவாக விவரித்திருக்கிறார். நூற்றுக்கணக்கான பாரோபோடா இனங்களுக்குப் பெயரிட்டவர் அவர். தென்னிந்தியாவில் இவ்வகுப்பில் வேலை செய்யும் எவரும் முதலில் திறக்க வேண்டியது அந்த இலங்கை விவரணைகளையே. கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியுகக் காலங்களில் இலங்கையும் தென்னிந்தியாவும் நிலத்தால் இணைந்திருந்தன. ஆகவே மேற்குத் தொடர்ச்சி மலையில் காண்பது அங்கும் வாழக்கூடும். ஷெல்லரின் படங்கள் அளவுகோலும் அளவு விகிதங்களும் கொண்ட நேர்த்தியான படங்கள். மயிர்களின் நீளங்களை ஒன்றுக்கொன்று விகிதமாகத் தரும் அவர் முறையையே நாங்களும் பின்பற்றுகிறோம். அவருக்கு முந்திய சிலருடைய விவரணைகளோடுதான் போராட்டம். "குதத்தட்டு இரு கிளைகள் உடையது" என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடும் விவரணையை எதிரே வைத்துக்கொண்டு, அந்த ஆசிரியர் முகிழ்ப்பு இல்லை என்பதால் எழுதாமல் விட்டாரா, கவனிக்காமல் விட்டாரா என்று எப்படி முடிவு செய்வது? மூல ஸ்லைடைப் பார்த்தால் தெரியும். ஆனால் பழைய ஸ்லைடுகளில் கலவை படிகமாகி, உயிர் இருந்த இடத்தில் வெண்மேகம் மட்டும் மிஞ்சியிருப்பதும் உண்டு.

மற்றொரு ஐயமும் எங்களுக்கு இருந்தது. அந்தத் தோட்டத்தின் நிழல் மரங்களுள் சில்வர் ஓக்கும் உண்டு. அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. செடிகளின் வேர்மண்ணோடு மண்ணுயிர்களும் கண்டம் தாண்டும். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் கண்டெடுக்கப்பட்டு 2003-இல் நன்னாரப் ஹாஃப்மனி என்று பெயரிடப்பட்ட, சுமார் 10 மில்லிமீட்டர் நீளமே உள்ள சிறு பூரான், கிழக்காசியாவிலிருந்து மண்ணோடு வந்திருக்கக்கூடும் என்ற கருத்து அப்போதே எழுந்தது. ஆகவே ஆஸ்திரேலிய இனங்களோடும் எங்கள் மாதிரியை ஒப்பிட்டோம்; உரிய அனுமதி பெற்றுத் தோட்டத்தை ஒட்டிய சோலைக்காட்டு மண்ணையும் எடுத்துப் பார்த்தோம். சோலையின் இலைமக்கிலும் அதே உயிர், அதே முகிழ்ப்போடு கிடைத்தபோதுதான் எனக்கு ஓரளவு துணிவு வந்தது. இவ்வுயிர் இந்த மலைக்கே உரியது என்று அதைக் கொண்டு அறுதியிட முடியாது என்பதையும் கட்டுரையில் எழுதியிருக்கிறோம்.

மரபணு ஆய்வு இதையெல்லாம் ஒரு நாளில் தீர்த்துவிடாதா என்று இளையவர்கள் கேட்கிறார்கள். சில மாதிரிகளை அதற்கென ஒதுக்கினோம். தோட்டத்து மாதிரிகளும் சோலை மாதிரிகளும் ஒரே இனம் என்பதை உறுதி செய்ய அது உதவியது. ஆனால் அரை நூற்றாண்டுக்கு முந்திய மூல ஸ்லைடுகளிலிருந்து மரபணுவைப் பெறுவது ஏறக்குறைய இயலாது. பழைய இனங்களோடு ஒப்பிட வேண்டிய இடத்தில் கடைசியில் கோட்டோவியங்களிடமே திரும்ப வேண்டியிருக்கிறது.

எழுத்து வேலை இவற்றோடு ஒப்பிட்டால் எளிது. 1999-க்குப் பிறகு வெளியாகும் எந்த இனப்பெயருக்கும் சான்று மாதிரி (பெரும்பாலும் ஹோலோடைப் எனப்படும் ஒற்றை மாதிரி) எது, அது எங்கே வைக்கப்படும் என்பவற்றைக் குறிப்பிட வேண்டும் என்று பன்னாட்டு விலங்கியல் பெயரீட்டு விதிகள் கூறுகின்றன. இந்தியாவின் 2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டமும் புதிய இனத்தின் மாதிரியை நியமிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. விலங்குகளுக்கு அது இந்திய விலங்கியல் ஆய்வகம். வயிற்றுப்புறம் சிதையாமல் படிந்த ஓர் ஆணைத்தான் ஹோலோடைப்பாகத் தேர்ந்தோம். அதைவிட முழுமையான பெண் ஸ்லைடு ஒன்று இருந்தது. ஆனால் இரண்டாம் கால் இணையருகே உள்ள ஆண்குறிகளின் வடிவமும் ஒப்பீட்டுக்கு உதவும் என்பதால் ஆணே மேல் என்று பட்டது.

அதே சோலை மண்ணில், குதத்தட்டு முற்றிலும் வேறு வடிவில் அமைந்த இன்னொரு பாரோபோடாவும் கிடைத்திருக்கிறது. கிடைத்தவற்றுள் வளர்ந்தது ஒரு பெண் மட்டுமே, மற்றவை குஞ்சுகள். ஒற்றை மாதிரியை வைத்துப் பெயரிடுவதை விதிகள் தடுக்கவில்லை. அதையும் சேர்த்து வெளியிடலாமே என்று உடன் பணிபுரிவோர் கூறினார்கள். ஒரே உடலில் தெரியும் வளைவு அந்த இனத்தின் இயல்பா, கவர் ஸ்லிப்பின் அழுத்தமா என்று பிரித்தறிய வழியில்லாமல் எழுதப்பட்ட விவரணைகளோடு மல்லுக்கட்டிய பிறகு, அப்படியொன்றை நானும் எழுதிவைக்க விரும்பவில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அதே சரிவில் மீண்டும் மண் எடுக்க அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.