மன்னிக்கும் முன் கணக்கு எழுதுங்கள்

பைபிளில் மத்தேயு 18-இல் இயேசு சொல்லும் உவமையில், கடன்பட்ட வேலைக்காரனை ராஜா எடுத்த எடுப்பில் மன்னிக்கவில்லை. முதலில் கணக்குப் பார்க்கிறார். கடன் எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் தள்ளுபடி. நம் மன்னிப்பு ஒரு வாரம்கூடத் தாங்காததற்குக் காரணம் பெரும்பாலும் இந்த முதல் படியைத் தாண்டிக் குதிப்பதுதான். பிரசங்கத்தில் உருகி, "எல்லாரையும் மன்னித்துவிட்டேன் ஆண்டவரே" என்று சொல்லிவிடுகிறோம். யாரை, எதற்காக என்று கேட்டால் பதில் இருக்காது.

ஒரு தாளில் எழுதுங்கள். "என்னைக் கேவலப்படுத்தினார்" என்பது போதாது. "குழுவில் எல்லார் முன்னாலும் என்னைப் பொய்யன் என்றார். அதன்பிறகு அங்கே யாரும் என்னிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை." செய்தது ஒரு வரி, இழந்தது ஒரு வரி. எழுதும்போதே சில புகார்கள் உதிர்ந்துவிடும். அவை குற்றமல்ல, நமக்குப் பிடிக்காதவை, அவ்வளவுதான்.

மிஞ்சுவதைச் சிறிதாக்காதீர்கள். உவமையில் அந்த வேலைக்காரனிடம் இரண்டாவது வேலைக்காரன் பட்ட கடன் 100 வெள்ளிப்பணம். ஒரு கூலியாளுக்கு 100 நாள் சம்பளம், நிஜமான இழப்பு. முதலாமவன் ராஜாவிடம் பட்டதோ 10,000 தாலந்து. ஒரு தாலந்துக்கு 6,000 வெள்ளிப்பணம் என்று போட்டால், 6 லட்சம் மடங்கு. தேவனிடம் அந்த அளவு கடன் தீர்ந்தவனாகத்தான் நாம் தாளின் முன் உட்காருகிறோம்.

பிறகு ஒவ்வொரு வரியையும் வாசித்து, "இதற்குப் பழிவாங்கும் உரிமையை உம்மிடம் விட்டுவிடுகிறேன்" என்று ஜெபியுங்கள். மாற்கு 11:25 இதை ஜெபத்தில் நிற்கும்போதே செய்யச் சொல்கிறது; எதிராளி அங்கே இல்லை. தாளைக் கிழித்துவிடலாம், யார் கையிலும் கிடைக்க வேண்டாம்.

அடுத்து, சில்லறையாக வசூலிப்பதை நிறுத்த வேண்டும்: குத்திக்காட்டுவது, பதில் பேசாமல் இருப்பது, "ஜெபத்துக்காகச் சொல்கிறேன்" என்று தொடங்கிப் பிறரிடம் கதையைச் சொல்வது. இந்தக் கடைசி ஒன்று சபைகளில் தாராளமாகப் புழங்குகிறது.

உறவு பழையபடி ஆவது வேறு விஷயம். லூக்கா 17:3 கடிந்துகொள்ளவும் சொல்கிறது, மனஸ்தாபத்தையும், அதாவது செய்ததற்கு வருந்துவதையும், எதிர்பார்க்கிறது. ஆதியாகமத்தில் யோசேப்பு, தன்னை அடிமையாக விற்ற அண்ணன்மாரைக் கண்டதும் கட்டிப்பிடிக்கவில்லை. அவர்களில் சிமியோனைக் காவலில் வைத்தான். தம்பி பென்யமீனுக்குப் பதிலாக அண்ணன் யூதா தன்னையே அடிமையாகக் கொடுக்க முன்வந்த பிறகுதான் தன்னை வெளிப்படுத்தினான். ஆக, பணத்தை ஏமாற்றியவரை மன்னித்துவிட்டு மறுபடியும் கடன் தராமல் இருக்கலாம். அடிக்கிற கணவனை மன்னிக்கிறவள் வீட்டைவிட்டு வெளியேறலாம், போலீசிலும் புகார் கொடுக்கலாம். அவளை மன்னிப்பின் பெயரால் திருப்பி அனுப்புகிற போதகர் பாவத்துக்குத் துணைபோகிறார்.

கோபம் திரும்ப வந்தால் மன்னிப்பு பொய் என்று ஆகாது. எந்த வரி என்று பார்த்து, அதே ஜெபத்தை அந்த ஒரு வரிக்குச் சொல்லுங்கள். புது வரி என்றால் முன்பு எழுதாமல் விட்டது. அதையும் சேர்க்க வேண்டியதுதான்.

கேட்காதவரிடம் போய் "உங்களை மன்னித்துவிட்டேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும். பேச வேண்டியிருந்தால் மத்தேயு 18:15 சொல்கிறபடி தனியே, நடந்ததை மட்டும்.