கேட்க வேண்டிய கதவு

இங்கிலாந்தின் பல கவுண்டிகளில் (பல மாவட்டங்களை உள்ளடக்கிய பெரிய நிர்வாகப் பகுதிகளில்) வீட்டு வாசலில் வைக்கும் குப்பையை அள்ளுவது மாவட்ட மன்றம் என்னும் உள்ளாட்சி அமைப்பு, அள்ளியதை அழிப்பது கவுண்டி மன்றம் என்ற இரட்டை ஏற்பாடு நீடிப்பதால், புகாரை யாரிடம் சொல்வது என்பதே மக்களுக்குக் குழப்பமாகிவிடுகிறது. சோமர்செட் கவுண்டியில் 2023 ஏப்ரலில் கவுண்டி மன்றமும் நான்கு மாவட்ட மன்றங்களுமாக ஐந்து மன்றங்கள் ஒன்றானபோது, கேட்க வேண்டிய கதவும் ஒன்றாயிற்று. (அதே ஆண்டு நவம்பரில் அந்த மன்றம் நிதி நெருக்கடியை அறிவித்தது; இணைப்பு மட்டுமே கஜானாவை நிரப்பிவிடாது.)

மத்திய அரசின் அதிகாரத்தை உள்ளூருக்குப் பகிர்வதன் பயனுக்கு மான்செஸ்டர் பெருநகரப் பேருந்துகளையே நான் சான்றாகச் சொல்வேன். 1986 முதல் தனியார் நிறுவனங்கள் தீர்மானித்துவந்த வழித்தடமும் நேர அட்டவணையும் கட்டணமும், 2023 செப்டம்பரில் போல்டன், விகான் பகுதிகளில் தொடங்கி, 2025 ஜனவரிக்குள் பெருநகரம் முழுவதும் மேயரின் பொறுப்பில் வந்தன. அதே ஆண்டு மார்ச்சிலேயே, மேயரின் பொறுப்பில் ஓடும் மஞ்சள் நிறப் பேருந்திலும் டிராமிலும் ஒரே வங்கி அட்டையைத் தட்டிவிட்டு ஏறும் வசதியும் வந்துவிட்டது.