ஏழாம் காண்டம்

நவம்பர் 9, ஞாயிறு

மெரினாவில் 12 கிலோமீட்டர். ஜனவரியில் சென்னை மாரத்தானில் பாதி தூரம், அதாவது 21.1 கிலோமீட்டர் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஆகஸ்டில் அம்மா போன பிறகு ஐந்து வாரம் ஷூவையே தொடவில்லை. இப்போதுதான் மூச்சு ஒரு நிதானத்துக்கு வருகிறது.

வீட்டுக்கு வந்தால், அப்பா பீரோவைத் திறந்து போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு கேசட். 1998-ல் வைத்தீஸ்வரன்கோயிலில் அம்மாவுக்கு ஓலையில் நாடி ஜோதிடம் பார்த்தபோது கொடுத்தவை. "ஆயுள் எழுபத்தாறு" என்ற வரியை விரலால் தடவிக் காட்டினார். அம்மா போனது ஐம்பத்தெட்டில்.

"சாந்தி பரிகாரம் பண்ணச் சொன்னாங்க. ஆயிரத்து எண்ணூறு ரூபாய். அப்போ அது ரெண்டு மாச வாடகைம்மா. நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

மூன்று மாதமாக அப்பா ஏன் தட்டில் பாதியை மிச்சம் வைக்கிறார் என்பது இன்றுதான் புரிந்தது.

நவம்பர் 12, புதன்

இருபது வருட சர்க்கரை, மூன்று வருட டயாலிசிஸ், டாக்டர் நம் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னது எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். அப்பா முழுதும் கேட்டுக்கொண்டார். "சரிம்மா. ஆனா ஒரு தடவை போய்க் கேட்டுட்டு வந்துடறேன்" என்றார்.

தனியாக அனுப்ப மனமில்லை. லீவு சொல்லிவிட்டேன். ஞாயிறு 14 ஓட வேண்டிய நாள், அதனால் பையில் ஷூவும் வருகிறது. வருஷம் திரும்பாமல் கோயில் ஊருக்குப் போகலாமா என்று பெரியம்மா போனில் சத்தம் போட்டார். அப்பா காதில் வாங்கவில்லை.

நவம்பர் 15, சனி

ரயில் கொள்ளிடம் பாலத்தில் ஏறியபோது அப்பா விழித்தே இருந்தார். சீர்காழியில் இறங்கி பஸ் பிடித்தோம். வைத்தீஸ்வரன்கோயிலில் கால் வைத்ததுமே "நாடி பார்க்கணுமா சார்?" என்று இரண்டு பேர் கூடவே வந்தார்கள். எங்கு திரும்பினாலும் அகத்தியர் நாடி போர்டுதான். 1998-ல் போன இடம் இப்போது இல்லை. இன்னொரு வீட்டில் நுழைந்தோம்.

ஆணுக்கு வலது கட்டைவிரல், பெண்ணுக்கு இடது. அப்பாவின் ரேகையை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், ஒரு மணி நேரம் கழித்து ஓலைக்கட்டோடு வந்தார். ஒவ்வொரு ஓலையாக எடுத்து ஒரு கேள்வி. கூடப்பிறந்தவர்கள் மூவரா? சொந்தத் தொழிலா? மனைவி பெயர் 'ச' வரிசையா? அப்பா இல்லை என்றால் ஓலை ஓரமாகப் போய்விடும், அடுத்தது வரும். இரண்டாவது கட்டில்தான் அப்பாவின் ஓலை "கிடைத்தது". அதற்குள் ஆமாம், இல்லை என்றே அப்பா தன் வாழ்க்கை முழுவதையும் சொல்லி முடித்திருந்தார். நான் கவனித்தேன். அப்பா கவனிக்கவில்லை. ராகம் போட்டுப் படித்த பாட்டில் அம்மாவின் பெயர் வந்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்பா பார்க்கச் சொன்னது ஏழாம் காண்டம் மட்டும். கல்யாணம், மனைவி பற்றிய காண்டம் அது. படித்து முடிந்ததும் நோட்டை எடுத்து வைத்து, தான் வந்த கேள்வியைக் கேட்டார். "அன்னிக்கு பரிகாரம் பண்ணியிருந்தா இருந்திருப்பாளா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "இல்லைங்கய்யா. பரிகாரம் ஆயுசைக் கூட்டாது. இருக்கிற நாள்ல கஷ்டத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். நீங்க பக்கத்துலயே இருந்து பார்த்துக்கிட்டீங்கல்ல?"

இதையேதான் நான் மூன்று மாதமாகச் சொல்கிறேன். மகள் சொன்னால் ஆறுதல், அவர் சொன்னால் தீர்ப்பு. சரி, யார் சொல்லி இறங்கினால் என்ன, பாரம் இறங்கினால் போதும்.

அப்புறம் சாந்தி காண்டம் வந்தது. அப்பாவின் பெயரில் பரிகாரம், பதினாலாயிரம் ரூபாய். பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு வந்தவரிடம் இப்படிக் கேட்பது தப்பு, எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. அன்றைக்கு அப்பா சொன்னதும் இதே "வேண்டாம்"தானே? நாளைக்கு அப்பாவுக்கு ஒன்று ஆனால், இதே நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் பீரோ முன்னால் உட்கார்ந்திருப்பேனா?

அப்பாதான் கேட்டார்: "இதை நாங்களே பண்ணலாமா?" விளக்கும் அன்னதானமும்தானே, செய்யலாம் என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

நவம்பர் 16, ஞாயிறு

விடியும் முன்பே கிளம்பினேன். சீர்காழிக்குப் போக ஏழு, வர ஏழு, கணக்கு சரியாக 14. இரண்டு பக்கமும் சம்பா வயல், வாய்க்கால் நிறையத் தண்ணீர், தவளைச் சத்தம். மெரினாவில் இருப்பதுபோல் கூட ஓட ஆள் கிடையாது. பால் கேன் கட்டிய டிவிஎஸ்-காரர் ஒருவர் "யாராவது துரத்துறாங்களாம்மா?" என்று வண்டியை நிறுத்தியே விட்டார். பத்தாவது கிலோமீட்டரில் அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓடினால் மூச்சு முட்டுகிறது, அதனால் கொஞ்ச தூரம் நடந்தேன். ஆகஸ்டுக்குப் பிறகு நான் உட்கார்ந்து அழவே இல்லை. அப்பா பார்ப்பாரே என்று அடக்கிக்கொண்டே இருந்துவிட்டேன்.

கோயிலில் வெல்லம் வாங்கி சித்தாமிர்தக் குளத்தில் கரைத்தோம். 4,448 நோய்க்கும் மருந்து தருகிற சாமி என்பார்கள். அந்தச் சன்னதியில் அப்பா அதிக நேரம் நிற்கவில்லை. சடாயு குண்டத்தில்தான் நின்றார். ராமன் சடாயுவுக்குத் தகனம் செய்த இடம் என்பது ஐதீகம். அங்கே எடுத்த திருநீற்றில் ஒரு சிட்டிகையைத் தாளில் மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். விளக்கை அவர் கையாலேயே ஏற்றினார். வாசலில் இருந்த பதினோரு பேருக்கு சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தோம்.

நவம்பர் 26, புதன்

6 கிலோமீட்டர், மழையில். அப்பா இரவு மூன்று தோசை சாப்பிட்டார்.

டிசம்பர் 7, ஞாயிறு

18 கிலோமீட்டர். கடைசி மூன்றில் வலது முழங்கால் பேசியது. இனி அடுத்த வாரம் ஒரு நீள ஓட்டம், அப்புறம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

ரிச்சி தெருவில் கொடுத்திருந்த கேசட் நேற்று பென்டிரைவில் வந்தது. இன்றுதான் அப்பாவோடு உட்கார்ந்து போட்டேன். இரைச்சல், மின்விசிறிச் சத்தம், ராகம் போட்டு ஒரு குரல். நடுவில் திடீரென்று அம்மா, மெதுவாக: "பாப்பா தூங்கிட்டாளா?"

"தூங்கிட்டா. நீ கேளு." அது அப்பா. இளவயசுக் குரல்.

எனக்கு அப்போது நாலு வயது. அவர் தோளில் இருந்திருப்பேன்.

நாலு தடவை போடச் சொன்னார். ஐந்தாவது தடவை நான் நிறுத்தாமல் ஓட விட்டேன். "ஆயுள்" என்று அந்தக் குரல் ஆரம்பித்ததும் அப்பா எழுந்து சமையலறைக்குப் போனார். "18 ஓடியிருக்கே, உப்பு இறங்கியிருக்கும்" என்று மோர் கலந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அந்த இடத்தை இன்னொரு தடவை போடு" என்றார்.