கடலூர்லேருந்து நிஃப்ட் சிச்சுவேஷன் டெஸ்ட்: தப்பான சர்டிபிகேட், தப்பான பஸ், மெஷினுக்கு இடம் இல்லாத ரூம்

நிஃப்ட்ங்கறது ஃபேஷன் டிசைன் படிக்கற மத்திய அரசு காலேஜ், அதுல சேர்றதுக்கான கடைசி பரீட்சைதான் சிச்சுவேஷன் டெஸ்ட், குடுக்கற பொருள வெச்சி கையால மாடல் செய்யணும். அது முடிஞ்சி நாலு நாள் ஆச்சு. நேத்து ராத்திரிதான் ஓபிசி சர்டிபிகேட் ரெடின்னு மெசேஜ் வந்துச்சி, அத பார்த்தப்புறம்தான் நிம்மதியா தூங்குனேன். மறக்கறதுக்குள்ள எழுதிடறேன், நம்ம கடலூர் பாண்டி பக்கத்துலேருந்து ஃபேஷன் டிசைன் படிக்க ட்ரை பண்றவங்களாவது என்ன மாதிரி அலையாம இருக்கட்டும்.

முதல்ல வர்ற எழுத்துப் பரீட்சைங்க சிஏடி (க்ரியேட்டிவ் எபிலிட்டி), ஜிஏடி (ஜெனரல் எபிலிட்டி) எழுதுனது, ஷார்ட்லிஸ்ட் ஆனது எதுலயும் பிரச்சன இல்ல. பி.டெஸ் டிகிரிக்கு மார்க் கணக்கு சிஏடி 50, ஜிஏடி 30, சிச்சுவேஷன் டெஸ்ட் 20 பர்சன்ட். நான் மாட்டுனது சர்டிபிகேட்லதான்.

எங்க வீடு தேவனாம்பட்டினம், அப்பா கடலுக்குப் போறாரு. எங்ககிட்ட இருக்கறது தமிழ்நாடு அரசு குடுக்கற எம்பிசி சர்டிபிகேட். ஆனா நிஃப்ட் மத்திய ஜவுளி அமைச்சகத்துக்குக் கீழ வர்ற காலேஜ், அங்க எம்பிசி, பிசின்னு தனித்தனியா கிடையாது, ஓபிசி நான்-கிரீமி லேயர்தான் (வருமானம் ஒரு அளவுக்குள்ள இருக்கற ஓபிசி), அதுவும் சென்ட்ரல் கவர்ன்மெண்ட் ஃபார்மேட்ல. இத நான் இ-சேவை மையத்துல தெளிவா சொன்னேன். கம்ப்யூட்டர்ல உக்காந்திருந்தவரு "ரெண்டும் ஒண்ணுதாம்மா"ன்னு சொல்லி 60 ரூபா வாங்கிட்டு பதிஞ்சாரு. பத்து நாள் கழிச்சி வந்தத டவுன்லோட் பண்ணி பார்த்தா ஏற்கனவே வீட்ல இருக்கற அதே எம்பிசி சர்டிபிகேட், தேதி மட்டும் புதுசு. அழுகையே வந்துடுச்சி.

தயவுசெஞ்சி, அவங்க சப்மிட் பண்றதுக்கு முன்னாடி ஸ்கிரீன உங்க கண்ணால பாருங்க, ஓபிசின்னு இருக்கான்னு படிச்சிட்டு காசு குடுங்க. அப்புறம் நிதியாண்டு விஷயம், மார்ச்சுலயே வாங்கி வெச்சிட்டா கவுன்சிலிங் நேரத்துல பழசாயிடும், ப்ரோஷர்ல எந்த தேதிக்கு அப்புறம் வாங்குனது கேக்கறாங்கன்னு பார்த்துட்டு அப்ளை பண்ணுங்க.

ரெண்டாவது தடவ அப்ளை பண்ணி தாலுகா ஆபீஸுக்கு மூணு நட நடந்தோம். முதல் நாள் சார் கேம்ப் போயிட்டாரு. ரெண்டாவது நாள் அப்பாவோட வருமான சான்று வேணும்னாங்க, வருஷத்துக்கு 8 லட்சத்துக்குள்ளன்னு காட்டணுமாம், சரி அது நியாயம், ஆனா முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல. மூணாவது நாள் பேப்பர புரட்டிக்கிட்டே ஒருத்தர் "டெய்லரிங் கத்துக்க எதுக்கும்மா சென்னை, இங்கயே மூணு மாச கோர்ஸ் இருக்கே"ன்னாரு. பக்கத்துல எங்கம்மா நிக்கிறாங்க. இருபது வருஷமா பிளவுஸ் தைச்சி என்ன படிக்க வெச்சவங்க. அம்மா ஒண்ணும் பேசல, பைய இந்தக் கைலேருந்து அந்தக் கைக்கு மாத்திக்கிட்டாங்க. எனக்கு இன்னும் ஆறல.

அடுத்தது பஸ். விடியக்காலம் நாலரைக்கு ஸ்டாண்டுல "சென்னை சென்னை"ன்னு கூப்பிட்டதும் நானும் அம்மாவும் ஏறி தூங்கிட்டோம். முழிச்சி பார்த்தா திண்டிவனம்! பாண்டி வரைக்கும் எல்லா பஸ்ஸும் ஒண்ணுதான், அங்கதான் பிரியும். ஈசிஆர் பஸ்ஸா இருந்தா மரக்காணம், மகாபலிபுரம் வழியா நேரா திருவான்மியூர்ல இறங்கியிருப்போம், டெஸ்ட் நடக்கற இடம் பக்கம். இது ஜிஎஸ்டி ரோட புடிச்சி கிளாம்பாக்கத்துல கொண்டு போயி விட்டுடுச்சி. மணி எட்டரை, பதினோரு மணிக்குள்ள ஹாலுக்குள்ள இருக்கணும். ஆட்டோ கேட்டா சொன்ன காசுக்கு நாங்க கடலூருக்கே திரும்பி வந்துடலாம். ஓடிப் போயி பிங்க் பஸ் புடிச்சி தாம்பரம், அங்கேருந்து இன்னொரு பஸ் வேளச்சேரி, அங்க பறக்கும் ரயில். ஏறுறப்ப கண்டக்டர்கிட்ட "ஈசிஆரா"ன்னு ஒரே ஒரு வார்த்த கேட்டிருந்தா இவ்ளோ ஓட்டம் இல்ல.

ஆனா அந்த ரயில்ல இருந்த கொஞ்ச நேரம் இருக்கே. தூண் மேல போறதால மாடி வீடுங்க ஜன்னலுக்கு நேரா வருது. ஒரு பால்கனில மஞ்சள் துப்பட்டா காயுது, இன்னொண்ணுல ஒரு பொண்ணு ஈரத் தலையோட நின்னு போன் பேசுது. டெஸ்ட்டுக்கு லேட் ஆகுதுங்கறதே மறந்து, இதுல எந்த ஜன்னல் என்னுதா இருக்கும்னு பார்த்துக்கிட்டே வந்தேன். காலைல கிளாஸ், சாயங்காலம் பாரிஸ் கார்னர் போயி கோடவுன் தெருவுல துணி பார்க்கறது, ராத்திரி ஜன்னல் ஓரமா மெஷின் போட்டு தைக்கறது. இவ்ளோவும் மூணு ஸ்டேஷனுக்குள்ள.

பத்தே முக்காலுக்கு உள்ள போயிட்டேன். ஒரிஜினல் ஆதார் அம்மா பைல இருந்துச்சி, வாசலுக்குத் திரும்பி ஓடி வாங்கிட்டு வந்தேன், அத உங்க கைலயே வெச்சிக்கோங்க.

ரெண்டு மணி நேர டெஸ்ட். பாதில மாடல் சரிய ஆரம்பிச்சிடுச்சி, பசை புடிக்கவே இல்ல, கை நடுங்குது. குடுத்த பொருள்ல சணல் நூல் இருந்துச்சி. அப்பா கிழிஞ்ச வலைய சரி பண்றப்ப ஆள்காட்டி விரல்ல நூல சுத்தி, கீழ விட்டு, இழுத்து இறுக்குவாரு, ஒவ்வொரு கண்ணும் ஒரே அளவுல வரும். அந்த முடிச்சப் போட்டே மொத்தத்தையும் கட்டி நிறுத்திட்டேன். ஒரு பொட்டு பசை இல்லாம நின்னுச்சி! மார்க் எவ்ளோ வந்தாலும் வரட்டும், அந்த முடிச்ச நெனச்சா எனக்கு சந்தோஷமா இருக்கு.

முடிச்சிட்டு தரமணில நிஃப்ட் வாசல வெளிய நின்னு பார்த்தோம். அப்புறம் சும்மா வெல விசாரிக்கலாம்னு ரெண்டு லேடீஸ் ஹாஸ்டல் போனோம், செமஸ்டர் ஃபீஸே லட்சத்த தாண்டுது, அதுக்கு மேல தங்கற செலவு என்னன்னு தெரியணும்ல. முதல் எடத்துல தையல் மெஷின்னு சொன்னதுமே "சத்தம் வரும், கரண்ட் இழுக்கும், ஆகாது"ன்னு கதவுக்கிட்டயே முடிச்சிட்டாங்க. கால்ல மிதிக்கிறது, கரண்டே வேணாம்னு அம்மா சொல்றத கேக்கக்கூட இல்ல. ரெண்டாவது எடத்துல உள்ள விட்டாங்க. மூணு கட்டில், நடுவுல ஜன்னல். பைலேருந்து இன்ச் டேப்ப எடுத்து கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல அளந்தேன். 26 இன்ச், மெஷின் மேஜைக்கு 36 வேணும். அம்மா டேப்போட அந்தப் பக்கத்த புடிச்சிக்கிட்டு "கட்டில கொஞ்சம் தள்ளிப் போட்டா வரும்டி"ன்னாங்க. ஹாஸ்டல் அக்கா, தள்ளக் கூடாதுன்னுட்டாங்க.

திரும்பறப்ப கேட்டு கேட்டு ஈசிஆர் பஸ்லயே வந்தோம். ரிசல்ட் இன்னும் வரல. திருவான்மியூர், தரமணி பக்கம் தையல் மெஷின் வெச்சிக்க விடற லேடீஸ் ஹாஸ்டல் யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, மேஜை 36 இன்ச்சுக்கு 18 இன்ச், ஜன்னல் ஓரமா இருந்தா ரொம்ப நல்லது.