தாமிரபரணிக் கரையில் வீடு தேடியபோது

ஸ்ரீவைகுண்டம் பக்கம் வீடு வாங்க முடிவு செய்தபோது, விலைக்கும் பத்திரத்துக்கும் முன்னதாக எங்களுக்கு இரண்டு கேள்விகள் இருந்தன. வெள்ளம் வந்தால் தண்ணீர் எதுவரை ஏறும், பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போவார்கள் என்பவையே அவை. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டி, குளங்கள் உடைந்து, ஆறும் கரைபுரண்ட பிறகு, இங்கே வீடு தேடும் எவரும் முதல் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

வங்கி வழக்கறிஞரின் கருத்துரை, சொத்து யார் யாரிடமிருந்து கைமாறி வந்தது என்பதைத்தான் சொல்லும். தண்ணீரைப் பற்றிப் பேசாது. ஆகவே வருவாய்த்துறை இணையதளத்தில் எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படத்தை (நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் வரைபடம்) எடுத்து, மனையை ஒட்டிய புல எண்களை ஒவ்வொன்றாக, நிலத்தின் வகையைச் சொல்லும் 'அ' பதிவேட்டில் தேடினோம். எங்களுக்கு மிகவும் பிடித்திருந்த வீட்டின் பின்னால் வேலிகாத்தான் மண்டிக் கிடந்த காலியிடம், பதிவேட்டில் 'ஓடை புறம்போக்கு' என்று இருந்தது. மேலேயுள்ள குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் தண்ணீர் போகும் வழி அதுதான். அந்த வீட்டுச் சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள்; ஆனால் மாடிப்படிக்கு அடியில் இடுப்பளவு உயரத்தில் வண்டல் கோடு அப்படியே இருந்தது, மின்மீட்டர் பெட்டி மட்டும் தலைக்கு மேல் ஏற்றி மாட்டப்பட்டிருந்தது. அதை விட்டுவிட்டோம்.

பள்ளியைப் பொறுத்தவரை, தேர்ச்சி விழுக்காட்டை எல்லாரும் விசாரிப்பார்கள். வெள்ளத்தின்போது அந்தக் கட்டடம் எப்படி இருந்தது என்பதையும் கட்டாயம் விசாரிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த வெள்ளத்தில் செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டபோது, சுமார் 800 பயணிகளில் ஏறத்தாழ 300 பேர் அருகிலிருந்த ஒரு பள்ளியில்தான் தங்கவைக்கப்பட்டார்கள். மேட்டில் நிற்கும் பள்ளி ஊருக்கே அடைக்கலம். நாங்கள் பார்த்த பள்ளியின் ஆசிரியர் ஒருவர், "பள்ளிக்கூடத்துக்குள்ள தண்ணி வரல சார், பிள்ளைங்க வர்ற பாதையிலதான் கெடந்துது" என்றார். எங்கள் தேடலையே மாற்றிய வார்த்தை அது. தொடக்கப்பள்ளி 1 கி.மீ.க்குள்ளும் நடுநிலைப்பள்ளி 3 கி.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் சொல்கின்றன; இடையில் ஓடையும் தரைப்பாலமும் குறுக்கிடுகின்றனவா என்பதை நாம்தான் நடந்து பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் நடந்து பார்த்து, சற்றுத் தொலைவானாலும் வழியில் ஓடை குறுக்கிடாத தெருவில் வீட்டை வாங்கினோம்.

பத்திரப்பதிவு முடிந்ததும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வீட்டுக் காப்பீடு எடுத்தோம். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இந்தப் பொதுவடிவப் பாலிசி வெள்ளச் சேதத்துக்கும் பொருந்தும். கட்டடத்துக்குக் காப்பீடு செய்தால், அத்தொகையில் 20 விழுக்காடு அளவுக்கு, 10 லட்சம் ரூபாய் உச்சவரம்புடன், வீட்டுச் சாமான்களும் தாமாகவே சேர்ந்துவிடும். நகை போன்றவற்றுக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.