பதினான்காம் நெடுஞ்சாலையில் பத்து கவுன்ட்டி, 260 டாலர் தண்டம்

முதலில் அந்த 260 டாலரைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்ற எதையும் நிதானமாக எழுத வராது. பனிப் பள்ளத்தில் இறங்கிய எங்கள் காரைச் சங்கிலி மாட்டி மேலே இழுக்க இழுவை வண்டிக்காரருக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. போனில் 140 என்றவர், நேரில் வந்ததும் வார இறுதிக் கட்டணம் என்றார், மண் சாலைக் கட்டணம் என்றார். கார்டு என்றால் 285, ரொக்கம் என்றால் 260. வெளியே மைனஸ் 22 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் எவனும் நின்று பேரம் பேச மாட்டான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இதற்குக் கொள்ளை என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது.

போனது மினசோட்டா க்யூ.எஸ்.ஓ. பார்ட்டிக்கு. க்யூ.எஸ்.ஓ. என்றால் ஹாம் பாஷையில் ரேடியோவில் இருவர் தொடர்புகொண்டு பேசுவது. பெயரில்தான் பார்ட்டி. பிப்ரவரி முதல் சனிக்கிழமை காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணிவரை நடக்கும் ஹாம் ரேடியோ போட்டி அது. ஹாம்கள் என்றால் லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள். மினசோட்டாவில் 87 கவுன்ட்டிகள், நம் ஊர் மாவட்டம் மாதிரி. வெளி மாநிலக்காரர்களுக்குப் புதிதாகப் பிடிக்கும் ஒவ்வொரு கவுன்ட்டியும் மதிப்பெண்ணைப் பெருக்கித் தரும். மினியாபொலிஸ் இருக்கும் ஹென்னப்பின் கவுன்ட்டியில் ஹாம்களுக்குப் பஞ்சமில்லை. மேற்கு ஓரத்தில் மக்காச்சோளக்காடும் சோயாக்காடுமாகக் கிடக்கும் லிங்கன் கவுன்ட்டி அப்படியல்ல. அந்த மாதிரி இடங்களுக்குக் காரில் ரேடியோவைக் கட்டிக்கொண்டு போய்க் குரல் கொடுப்பவர்கள்தான் மொபைல்காரர்கள். அமெரிக்கா முழுக்க 3,077 கவுன்ட்டிகளையும் பேசி முடித்தால் ஒரு விருது உண்டு. அதற்காகப் பல வருடம் காது கொடுத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் கார் ஒரு தேர் மாதிரி.

நாங்கள் இருப்பது மினசோட்டாவின் ராச்செஸ்டரில். அமெரிக்க நெடுஞ்சாலை 14 எங்கள் ஊரிலிருந்து மேற்கே ஏறக்குறைய 300 கிலோமீட்டர் ஓடி லேக் பென்டனைத் தொடுகிறது. ஓம்ஸ்டெட், டாட்ஜ், ஸ்டீல், வசீகா, புளூ எர்த், நிக்கலட், பிரவுன், ரெட்வுட், லயன், லிங்கன். ஒரே சாலை, பத்து கவுன்ட்டி, ஒரு டேங்க் பெட்ரோல். எனக்கு இந்தக் கணக்குதான் பிடித்தது. ஸ்டியரிங்கில் நண்பன், பக்கத்து இருக்கையில் மைக்கும் பென்சிலுமாக நான். ஓட்டிக்கொண்டே லாக், அதாவது யாரிடம் பேசினோம் என்ற குறிப்பு, எழுதுவது தற்கொலை. தனியாகப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள், தயவுசெய்து.

கருவி விஷயம். ரேடியோ 100 வாட். பேசும்போது கிட்டத்தட்ட 20 ஆம்பியர் இழுக்கும். சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் ஃபியூஸ் போய்விடும். பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த ஒயர் இழுத்து, இரண்டு கம்பியிலும் ஃபியூஸ் போட வேண்டும். கூரையில் மேக்னெட் மவுன்ட் என்ற காந்தப் பிடி, அதில் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் உயரமான சாட்டை ஆன்டெனா. இருபது மீட்டர் அலைக்கு ஒன்று, நாற்பது மீட்டர் அலைக்கு ஒன்று. நியாயமாக நாற்பது மீட்டருக்குக் கால் அலை நீளம் என்றால் பத்து மீட்டர் உயரக் கம்பி வேண்டும். காரின் மேல் அதை நிறுத்த முடியாது என்பதால் கம்பியைச் சுருளாகச் சுற்றிக் குள்ளமாக்கியிருக்கிறார்கள். விளைவு, அனுப்பும் சக்தியில் பெரும்பகுதி சுருளைச் சூடாக்கியே தீர்ந்துபோகிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அலைவரிசை மாற்றும் மோட்டார் வைத்த ஆன்டெனா இருக்கிறது. விலையைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். அதனால் அலைவரிசை மாற்றும் ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தி, கையுறையைக் கழற்றி, உறைந்த இரும்பைத் திருக வேண்டும். மூன்றாவது முறைக்குப் பிறகு விரல் நுனியில் உணர்ச்சி இல்லை.

காலை ஓம்ஸ்டெட்டும் டாட்ஜும் மந்தம். ஓவட்டானா தாண்டியதும் இருபது மீட்டர் அலை திறந்து தூரத்துக் குரல்கள் வர ஆரம்பித்தன பாருங்கள்! ஃப்ளோரிடா, கலிஃபோர்னியா, ஒன்டாரியோ என்று ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் கூப்பிடுகிறார்கள். இந்தப் போட்டியில் நாம் பரிமாறிக்கொள்வது நம் பெயரும் கவுன்ட்டியும். என் பெயர் மணி. சந்தேகம் கேட்பவர்களுக்கு எழுத்துக் கூட்டிச் சொல்வேன்: மைக், ஆல்ஃபா, நவம்பர், இந்தியா. நாள் முழுக்க ஒவ்வொரு தடவையும் என் பெயர் இந்தியா என்று முடிவது எனக்கு அலுக்கவே இல்லை. டெக்சாஸ்காரர் ஒருவர் ஸ்டீலில் பிடித்தவர், வசீகாவில் வந்தார், புளூ எர்த்தில் வந்தார், ஆற்றுப் பாலம் தாண்டி நிக்கலட்டில் நான் வாயைத் திறந்ததும் முதல் ஆளாக நின்றார். பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்து ஒருவர் நம் காரோடு கூடவே பயணம் செய்கிறார் என்றால் அந்தச் சந்தோஷத்துக்கு விலை கிடையாது.

நண்பன் அதுவரை வாயே திறக்கவில்லை. "ஒரே ஊர் பேரையே நூறு தடவ சொல்றியேடா" என்றதோடு சரி.

நியூ உல்ம் அழகான ஜெர்மன் ஊர், நிற்க நேரமில்லை. ஸ்லீப்பி ஐயில் நின்றோம். டக்கோட்டா இனத் தலைவர் ஒருவரின் பெயரைத் தாங்கிய சின்ன ஊர். அங்கே ஓர் உணவகத்தில் 'வைல்ட் ரைஸ்' சூப் குடித்தோம். இதைப் பற்றி எழுதாமல் போனால் பாவம். அது நம் நெல் இல்லை, ஏரியில் விளையும் ஒரு புல்லின் கறுப்பு நிற விதை. வடக்கே ஒஜிப்வே மக்கள் சிறு படகில் போய், இரண்டு குச்சிகளால் கதிரைத் தட்டிப் படகுக்குள்ளேயே உதிர்த்து எடுப்பார்கள். வெந்து வெடித்த அந்த அரிசி, கோழி, கேரட், கெட்டியான க்ரீம். சுட்ட கொள்ளின் வாசனையை நினைவுபடுத்தும் ஒரு வாசம். மிளகுப் பொடியை நான் தாராளமாகக் கொட்டிக்கொண்டேன். ஒரு கிண்ணம் ரொட்டியோடு 9 டாலர். வீட்டிலிருந்து கொண்டுபோன புளியோதரை பின் இருக்கைக்குக் கீழே கல்லாகிக் கிடந்தது. ஃப்ளாஸ்க் ரசம் மட்டும் கடைசிவரை சூடாக இருந்தது.

ஸ்ப்ரிங்ஃபீல்டு தாண்டியதும் காற்று எழுந்தது. வானத்திலிருந்து பனி விழவில்லை. வயலில் கிடந்த பொடிப் பனி எழும்பிச் சாலையைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தது. ரேடியோவில் திடீரென்று எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிகிற மாதிரி ஓர் இரைச்சல், சிக்னல் அளவு காட்டும் முள் ஒன்பதில். எஞ்சினை நிறுத்திப் பார்த்தேன், குறையவில்லை. அப்புறம்தான் புரிந்தது. காய்ந்த பனித்துகள் ஒவ்வொன்றும் ஆன்டெனாவில் மோதி மின்னூட்டத்தை ஏற்றுகிறது. அது கூர்மையான நுனி வழியாகக் கசிந்து வெளியேறும் சத்தம்தான் இது. நுனியில் உருண்டையான உலோகக் குமிழ் ஒன்று மாட்டினால் குறையும். 8 டாலர் மிச்சம் பிடிக்கப் போய் அதை வாங்காமல் விட்டேன். நீங்கள் விடாதீர்கள்.

காற்றுக்கு ஒதுங்க ஒரு தோப்பு தெரிகிறதே என்று லேம்பர்ட்டனுக்கு அப்பால் பக்கச் சாலையில் திரும்பச் சொன்னவன் நான்தான். 'குறைந்தபட்சப் பராமரிப்புச் சாலை' என்று பலகை இருந்தது. குளிர்காலத்தில் அந்தப் பலகைக்குப் பொருள், பனி அள்ளும் வண்டி வராது என்பது. முந்நூறு அடி போனதும் முன்சக்கரம் ஓரத்தில் இறங்கி, கார் சாய்ந்து நின்றுவிட்டது.

இழுவை வண்டி வர ஒன்றே முக்கால் மணி நேரம். முதலில் நண்பன் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியிருந்த பனியைக் கையாலேயே தோண்டி எடுத்தான். அது அடைத்துக்கொண்டால் நச்சுப் புகை உள்ளே வந்து ஆளைக் கொல்லும். எஞ்சின் ஓடினால்தான் சூடு, எஞ்சின் ஓடினால்தான் ரேடியோ. தோப்பு அருகில் இருந்ததால் இரைச்சல் அடங்கியிருந்தது. சரி, சும்மா இருப்பானேன் என்று மைக்கை எடுத்தேன். ரெட்வுட்டிலிருந்து அந்த நேரத்தில் யாரும் பேசவில்லை போலிருக்கிறது. கூட்டம் பிய்த்துக்கொண்டது. சாய்ந்த காரில், கதவில் முதுகை முட்டுக்கொடுத்துக்கொண்டு 61 பேரிடம் பேசினேன். நான் ஒரு காதில் கேட்க, நண்பன் லாக் அட்டையை வாங்கி எழுத ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில், "டேய், அடியில ஒருத்தன் மெல்லிசா கூப்பிடுறான், பெரிய ஆளுகளை விட்டுட்டு அவனைக் கூப்பிடு" என்றான். கூப்பிட்டோம். மெயின் மாநிலம், ஐந்தே வாட்.

பிறகு அந்த 260 டாலர் மனிதர் வந்தார், அதைத்தான் சொல்லிவிட்டேனே.

லயன் கவுன்ட்டியை ஓட்டத்திலேயே முடித்தோம். லேக் பென்டன் சேரும்போது மணி ஐந்தேகால். பஃபலோ ரிட்ஜ் மேடு முழுக்கக் காற்றாலைகள். இருட்ட இருட்ட அத்தனையிலும் சிவப்பு விளக்குகள் ஒன்றாகச் சிமிட்டுகின்றன. முப்பந்தல் வழியாகப் போன நாட்கள் நினைவுக்கு வந்தன, அங்கே வியர்வை, இங்கே பனி. இருபது மீட்டர் செத்துக்கொண்டிருந்தது. கடைசி முறையாக இறங்கி நாற்பது மீட்டர் கம்பியை மாட்டினேன். லிங்கனில் 38 தொடர்புகள் கிடைத்தன. ஐந்து ஐம்பத்தெட்டுக்கு டெக்சாஸ்காரர் வந்தார். "மணி, லிங்கன், நன்றி, பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள்." மொத்தம் 237.

திரும்பி மார்ஷலில் 78 டாலர் மோட்டல். ஹீட்டர் நன்றாக வேலை செய்தது, போர்வை மெல்லிசு. பெட்ரோல் 41, சாப்பாடு 30, அத்தோடு அந்தத் தண்டம். இந்த மாதம் வேறு எங்கும் நகர முடியாது. மேக்னெட் மவுன்ட் கூரையோடு உறைந்து ஒட்டிக்கொண்டதால் ஆன்டெனாவை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தேன். புளியோதரையை மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டு விளக்கை அணைத்தாயிற்று. இருட்டில் நண்பனின் குரல்.

"மாப்ள, அந்த லைசென்ஸ் பரீட்சைல எத்தனை கேள்வி?"

"35. அதுல 26 சரியா இருக்கணும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் அவன் போன் வெளிச்சம் சுவரில் விழுந்தது.