குதிரைக்குப் பயந்த பையனும் கதவோரத்துப் பையும்

மூன்று வருஷத்துக்கு முன்னால், இங்கே தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குத் திரும்பும்போது, என்3 நெடுஞ்சாலையில் ஒரு லாரி என் காரைப் பக்கவாட்டில் உரசித் தள்ளியது. எனக்குச் சிராய்ப்புதான். ஆனால் அதற்கப்புறம் நெடுஞ்சாலை என்று நினைத்தாலே உள்ளங்கை வேர்க்கும். டர்பனின் இந்தியர் பகுதியான சாட்ஸ்வர்த்திலிருந்து வேலைக்குச் சந்து சந்தாகச் சுற்றிப் போவேன், பதினைந்து நிமிஷ வழிக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

உளவியலாளர் ஒருவரிடம் போனேன். அம்மாவைப் பற்றியோ சின்ன வயதைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயத்தைப் படிப்படியாக ஒரு தாளில் எழுதச் சொன்னார். நின்றிருக்கிற காரில் உட்காருவது முதல் படி, ஹிக்கின்சன் ஹைவே நடுவில் எங்கோ, என்3-இல் லாரிக்குப் பக்கத்தில் ஓட்டுவது உச்சி. ஒவ்வொரு படியிலும் படபடப்பு தானாக அடங்கும்வரை இருந்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். பத்து வாரத்தில் மாரிட்ஸ்பர்க் போய் வந்துவிட்டேன்.

இந்தப் படிக்கட்டு முறைக்கு வழி போட்டவர் நம் நாட்டுக்காரர் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஜோசப் வோல்ப், 1915-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராக இருந்தபோது, மனம் உடைந்து வந்த சிப்பாய்களுக்கு மருந்து கொடுத்து, உள்ளே அடக்கி வைத்த போர் நினைவுகளைப் பேச வைத்துப் பார்த்தார். அடக்கிய ஆசைகளும் நினைவுகளும்தான் நோய்க்கு வேர் என்று சொல்லி உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டின் வழியில் வந்த சிந்தனைதான் அது. எதிர்பார்த்த அளவு குணம் கிடைக்கவில்லை. பிறகு ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் பூனைகளை வைத்துச் சோதனை செய்தார், உடம்பு தளர்ந்து அமைதியாக இருக்கும்போது பயமும் கூடவே இருக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார், 1958-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். 1960-இல் அவரும் இன்னொரு ஜோகன்னஸ்பர்க்காரரான ஸ்டான்லி ராக்மனும் சேர்ந்து ஃப்ராய்டின் மிகப் பிரபலமான ஒரு நோயாளிக் கதையையே எடுத்து அலசினார்கள்.

வியன்னாவில் குதிரைக்குப் பயந்த ஹான்ஸ் என்ற ஐந்து வயதுப் பையனின் கதை அது. 1909-இல் ஃப்ராய்ட் எழுதியது. அந்தக் குதிரை உண்மையில் அப்பாவின் உருவம், அம்மா மேல் உள்ள ஆசையால் வந்த பயம் என்பது அவர் விளக்கம். வைத்தியத்தை நடத்தியது பையனின் அப்பாவேதான், ஃப்ராய்ட் நேரில் பேசியது ஒரே ஒரு தடவை. ஆனால் அந்தப் பையன் வண்டி இழுத்த குதிரை ஒன்று தெருவில் விழுந்து உதைத்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறான். அதுவே போதுமே, அப்பாவை ஏன் இழுக்க வேண்டும் என்று வோல்பும் ராக்மனும் கேட்டார்கள். என் லாரிக்கும் அதே நியாயம்தான், அந்த லாரி வெறும் லாரி.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

எங்கள் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு பை இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், கொஞ்சம் பணம், ஒரு மாற்றுத் துணி. பதினோரு வருஷமாக அதே வீட்டில் இருக்கிறேன், சுவரில் ஒரு படம் மாட்டியதில்லை. இதையும் அதே உளவியலாளரிடம் சொன்னேன். அவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக்கின் வழியில் போனார். பெக் முதலில் உளப்பகுப்பாய்வு பயின்றவர். மனச்சோர்வு என்பது தன் மேலேயே திரும்பிய கோபம் என்ற ஃப்ராய்டின் கருத்தை நிரூபிக்க நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார், அங்கே கோபத்தைக் காணோம், தோல்வியும் இழப்பும்தான் இருந்தன, அதிலிருந்து எண்ணங்களைச் சோதிக்கும் சிகிச்சை வளர்ந்தது. சரி, என்னிடம் வந்த கேள்வி இதுதான்: "உங்களை வீட்டை விட்டுப் போகச் சொல்வார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?" ஒரு ஆதாரமும் இல்லை. வீடு என் பேரில்தான் இருக்கிறது, அந்தப் பத்திரமே பைக்குள்தான் இருக்கிறது. இதை அழகாகத் தாளில் எழுதிக் கொடுத்தேன். பை நகரவில்லை. எனக்கு நடந்த எந்த விபத்தோடும் அதைச் சேர்த்துப் பார்க்க முடியவில்லை.

பிறகு சைக்கோடைனமிக் முறையில், அதாவது ஃப்ராய்டின் சிந்தனையிலிருந்து வளர்ந்த உளஇயங்கியல் வழியில், வேலை செய்யும் ஒரு பெண் சிகிச்சையாளரிடம் போனேன். வாரம் ஒரு தடவை, ஒன்றரை வருஷம். தாளும் இல்லை, வீட்டுப்பாடமும் இல்லை. மனதில் வருவதைப் பேச வேண்டும், அவ்வளவுதான். முதல் சில வாரம் எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் அவர் மெதுவாக, "நீங்கள் இதுவரை ஒரு நாள்கூடக் கைப்பையை மடியிலிருந்து இறக்கி வைக்கவில்லை" என்றார். டிசம்பரில் மூன்று வாரம் விடுமுறை என்று அவர் சொன்ன அடுத்த வாரமே நான் போகவில்லை, தலைவலி என்று செய்தி அனுப்பினேன். திரும்பிப் போனபோது அதையே பேச எடுத்தார். மற்றவர்கள் அனுப்புவதற்குள் நானே கிளம்பிவிடுகிறேன். அந்த அறைக்குள், அவரிடமே, அதை நான் செய்து காட்டியிருக்கிறேன். பழைய உறவுகளில் பழகியதை நம்மை அறியாமல் சிகிச்சை தருபவர் மேல் போட்டுப் பார்ப்பதைத்தான் இந்த வழியின் உயிர்நாடி என்பார்கள். புத்தகத்தில் படித்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

எல்லாம் ஆங்கிலத்தில்தான் பேசினேன். ஒரே ஒரு வாக்கியம் தமிழில் வந்து விழுந்தது: "இந்த வீட்டுல மனசு ஒட்டல." என்ன அர்த்தம் என்று கேட்டார், விளக்கினேன். யார் அப்படிச் சொல்வார்கள் என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது, அது என் வாக்கியமே இல்லை. அம்மா சொல்வது. அம்மாவின் கட்டிலுக்கு அடியிலும் ஒரு பெட்டி உண்டு, நிறையக் காகிதங்களோடு.

அம்மா டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் பிறந்தவர். எந்த இனத்தார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று பிரிக்கும் குழுப்பகுதிச் சட்டம் 1950-இல் வந்தது, 1958-இல் கேட்டோ மேனரை வெள்ளையர் பகுதி என்று அறிவித்தார்கள். அம்மாவுக்கு ஒன்பது வயதில் குடும்பத்தோடு சாட்ஸ்வர்த்துக்கு வந்தார்கள். வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசியதே கிடையாது. "அப்பல்லாம் அப்படித்தான்" என்பார் பாட்டி, அதோடு முடியும்.

இங்கே எனக்கு உளஇயங்கியல் வழியோடும் ஒரு சண்டை உண்டு. எதையும் தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்துகிற பழக்கம் அதற்கு இருக்கிறது. அம்மாவின் பதற்றம் எனக்கு இறங்கியது உண்மைதான், ஆனால் அந்தப் பதற்றத்தை அம்மாவுக்குக் கொடுத்தது புல்டோசரும் அரசாங்கக் கடிதமும். அதை உள்மனச் சிக்கல் என்று மட்டும் பேசினால் எனக்குக் கோபம் வரும், வந்தது, அந்தச் சிகிச்சையாளரிடமே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. செலவு இன்னொரு குறை. என் மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவக் காப்பீடு, சில அமர்வுகளுக்குத்தான் கொடுத்தது, மீதி என் கையிலிருந்து. எத்தனை பேரால் முடியும்? லாரி பயத்தோடு யாராவது என்னிடம் வந்தால் இன்றைக்கும் படிக்கட்டு முறைக்குத்தான் அனுப்புவேன், ஒன்றரை வருஷம் உட்காரச் சொல்ல மாட்டேன்.

போன மாதம் அம்மாவைக் கேட்டோ மேனருக்குக் கூட்டிப் போனேன். வீடுகளை இடித்தாலும் கோயில்கள் சிலவற்றை விட்டு வைத்திருந்தார்கள், அவை இன்னும் நிற்கின்றன. கோயில் வாசலில் நின்று அம்மா கையை நீட்டி, அங்கே கோழிக்கூடு, இங்கே தாத்தாவின் கீரைப் பாத்தி என்று காட்டினார். புல்தான் இருந்தது. கோழிகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். நாலு கோழியைச் சாக்கில் கட்டி லாரியில் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்ததாகவும், இறங்கும்வரை சாக்கைக் கீழே வைக்கவே இல்லை என்றும் சொன்னார்.

பை இப்போது படுக்கையறை அலமாரியில் இருக்கிறது. சுவரில் ஆணி அடிக்கத் தம்பி சனிக்கிழமை வருகிறான்.